ஸ்லைடு திறந்து நின்றால் துப்பாக்கி காலி என்று யார் சொன்னது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்லைடு லாக் பற்றியவை, அதாவது பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் ஸ்லைடைப் பின்னால் திறந்தபடி பிடித்து வைக்கும் லீவர் பற்றியவை. பதில்களுக்குள் போகுமுன் வழக்கமான பல்லவி: பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். செய்து பார்க்கத்தான் வேண்டும் என்றால், முதலில் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) வெளியே, அப்புறம் சேம்பரை (சுடுவதற்குத் தோட்டா ஏறி உட்காரும் குழி) பாருங்கள், தோட்டாக்கள் வேறு அறையில்.

ஸ்லைடு லாக், ஸ்லைடு ஸ்டாப், ஸ்லைடு ரிலீஸ் மூன்றும் ஒன்றுதானா?

பேச்சுவழக்கில் ஒன்றுதான். ஆனால் க்ளாக் நிறுவனத்தின் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் கையேட்டில் ஸ்லைடைத் திறந்து பிடிப்பதற்குப் பெயர் ஸ்லைடு ஸ்டாப் லீவர். ஸ்லைடு லாக் என்பது ட்ரிகருக்கு மேலே இருக்கும் சின்னக் கட்டை. பிஸ்டலைப் பிரிக்கும்போது கீழே இழுப்பது அதைத்தான். உதிரிப் பாகம் கேட்கும்போது பெயரை மாற்றிச் சொன்னால் வேறு ஏதோ வரும்.

கடைசித் தோட்டா போன பிறகும் ஸ்லைடு திறந்து நிற்பதில்லை. ஏன்?

எந்த பிஸ்டல் என்று எழுதவில்லை. உறையின் நிறம் வரை எழுதியிருக்கிறீர்கள், மாடலைக் காணோம். சரி, ஊகித்துச் சொல்கிறேன். 2008-இல் வந்த முதல் ரூகர் எல்சிபி என்றால் அது அப்படித்தான். கையால் பூட்டலாம், தானாகப் பூட்டாது. 2016-இல் வந்த எல்சிபி டூ தானாகவே நிற்கும்.

வேறு மாடல் என்றால் உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள். சின்ன பிஸ்டலில் விரல் வைக்க இடமே கிடையாது. விரல் போய் லீவர் மேல்தான் உட்காரும். உட்கார்ந்தால் லீவர் எழும்பாது. இன்னொருவரைச் சுடச் சொல்லுங்கள். அவருக்கு நின்றால் தவறு உங்கள் பிடியில். அவருக்கும் நிற்கவில்லை என்றால் மேகசினை மாற்றிப் பாருங்கள், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

எனக்கு நேர் எதிர். மேகசினில் தோட்டா இருக்கும்போதே பூட்டிக்கொள்கிறது.

பத்தில் எட்டு பேருக்கு அதே கட்டைவிரல்தான், இந்த முறை லீவருக்கு அடியில். சுடும்போது துள்ளலில் அது லீவரை மேலே தட்டிவிடுகிறது. பிடியைத் திருத்தியும் தொடர்ந்தால் லீவரின் ஸ்பிரிங்கை ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

ஸ்லைடை விடுவிக்க லீவரை அழுத்துவதா, பின்னால் இழுத்து விடுவதா?

இரண்டும் சரி. இதற்காக நடக்கும் சண்டைகளைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. இழுப்பவர்கள் கடைசி வரை இழுத்து, கையை முழுதாக எடுத்துவிட வேண்டும். ஸ்லைடோடு கையும் கூடவே முன்னால் போனால் தோட்டா முழுதாக உள்ளே ஏறாது. வால்தர் பிபிகே மாதிரி வெளியே லீவரே இல்லாத பிஸ்டல்களில் இழுப்பதைத் தவிர வழியில்லை.

காலி மேகசினோடு பூட்டி நிற்கிறது. இழுத்துவிட்டாலும் மூட மாட்டேன் என்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பலாமா?

ஐயா, வேண்டாம். காலி மேகசினில் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் தட்டு கீழிருந்து லீவரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மேகசினைக் கழற்றுங்கள், இழுத்து விடுங்கள். அவ்வளவுதான்.

ஸ்லைடைத் திறந்து பூட்டித்தான் நண்பரிடம் கொடுத்தேன். அவர் வாங்கியதும் மறுபடி சேம்பரைப் பார்த்தார். என்னை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

நல்ல நண்பர். விட்டுவிடாதீர்கள்.

ஸ்லைடு திறந்து நின்றால் துப்பாக்கி காலி என்ற எண்ணத்தோடு எத்தனை வருடமாக மல்லுக்கட்டுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கடைசித் தோட்டா போனபின் ஸ்லைடு தானாக நின்றால், அது சொல்வது மேகசின் காலி என்பதை மட்டும்தான். கையால் பூட்டினீர்களா, அது அதைக்கூடச் சொல்லவில்லை. நீங்கள் லீவரைத் தூக்கினீர்கள், அவ்வளவுதான். சேம்பருக்குள் என்ன இருக்கிறது என்பது அந்த லீவருக்குத் தெரியவே தெரியாது.

ஒருமுறை பயிற்சிக் களத்தில் ஒருவர் என்னிடம் பிஸ்டலை நீட்டினார். மேகசின் வெளியே, ஸ்லைடு திறந்து பூட்டியிருந்தது, எல்லாம் முறைப்படி. உள்ளே பார்த்தால் சேம்பரில் ஒரு தோட்டா பித்தளை மின்ன உட்கார்ந்திருக்கிறது. சேம்பரிலிருந்து தோட்டாவைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி முனை உடைந்திருந்தது. அவர் ஸ்லைடை இழுத்தபோது தோட்டா கூட வரவில்லை. எதுவும் விழவில்லையே என்று அவரும் யோசிக்கவில்லை. துடைக்கப் பிரிக்கப் போவதாகச் சொன்னார். அவருடையதைப் பிரிக்கும்முன் ட்ரிகரை ஒருமுறை இழுத்தாக வேண்டும், க்ளாக்கைப் போல. ஸ்லைடை மூடி ட்ரிகரை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவர் முகம் வெளுத்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே வரிசை மாறக் கூடாது. மேகசின் முதலில். ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுத்து, அப்புறம் பூட்டுங்கள். வெளிச்சத்தில் சேம்பரைப் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். வாங்குகிறவரும் அதையே செய்யட்டும். மேகசினை உள்ளே வைத்துக்கொண்டு ஸ்லைடை இழுப்பவர்கள், ஒரு தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றுகிறார்கள்.

சேம்பரில் ஒரு தோட்டாவைக் கையால் போட்டு, ஸ்லைடை மூடலாமா?

கூடாது. மேகசினிலிருந்து வரும் தோட்டாவின் விளிம்பு கீழிருந்து எக்ஸ்ட்ராக்டருக்குள் வழுக்கி ஏறும். நீங்கள் கையால் போட்டால் கொக்கி அந்த விளிம்பைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அப்படிக் குதித்துக் குதித்துத்தான் முனை உடைகிறது. மேலே சொன்ன கதை அங்கிருந்துதான் ஆரம்பம்.

காலி சேம்பரில் ஸ்லைடை விட்டால் கெட்டுப்போகுமா?

எப்போதாவது என்றால் ஒன்றும் ஆகாது. ட்ரிகரை நுணுக்கமாகச் சீர்செய்த 1911 மாடல் பிஸ்டல் என்றால் கையால் மெல்ல மூடுங்கள்.

இடதுகைக்காரன் நான். லீவர் எட்டவில்லை.

சுட்டுவிரலால் அழுத்திப் பழகுங்கள்; அழுத்தியதும் விரல் பிஸ்டலின் உடல்பகுதி மேல் நேராக நிற்க வேண்டும், ட்ரிகருக்குள் அல்ல. இல்லாவிட்டால் ஸ்லைடை மேலிருந்து பிடித்து இழுத்து விடுங்கள். க்ளாக்கின் ஐந்தாம் தலைமுறை மாடல்களில் லீவர் இருபுறமும் உண்டு.

மேகசினை ஓங்கித் தட்டினால் ஸ்லைடு தானாக மூடிக்கொள்கிறது. வசதியாக இருக்கிறதே?

தோட்டாவை ஏற்றாமலே மூடிக்கொள்ளும் நாளும் வரும். அதை நம்பாதீர்கள்.

லீவர் தேய்ந்திருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

படத்தில் உங்கள் சுட்டுவிரல் ட்ரிகருக்குள் இருக்கிறது. விரலை எடுத்துவிட்டு வேறு படம் அனுப்புங்கள், லீவரை அப்புறம் பார்க்கலாம்.