பாய்மரப் படகு எஞ்சினின் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

இரண்டுக்கும் முன்னால் மல்டிமீட்டரை எடுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றதுமே ஆல்டர்னேட்டர் மேல் பழி போட்டு, நல்ல ஒன்றைக் கழற்றி எறிகிறவர்கள் ஏராளம். உங்களுடையது 12 வோல்ட் டீசல் எஞ்சின், லெட் ஆசிட் பேட்டரி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எஞ்சினை ஓட்டிச் சற்று வேகம் கூட்டினால் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும் (அடியோடு காலியான பேட்டரி கொஞ்ச நேரம் குறைவாகக் காட்டும், அது குற்றமில்லை). வராவிட்டால் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் உள்ள, மின்சாரம் வெளியே வரும் பி பிளஸ் (B+) போல்ட்டிலேயே அளந்து பாருங்கள். அங்கே 14.2, பேட்டரியில் 13.2 என்றால் கோளாறு நடுவழியில்தான்: பச்சை பூத்த லக் (வயர் முனை வளையம்), மெலிந்த வயர், பேட்டரிகளைப் பிரிக்கும் டையோடு.

சாவியைத் திருப்பியதும் சார்ஜ் விளக்கு எரிகிறதா? பல ஆல்டர்னேட்டர்களில் அந்த பல்பு வழியாகப் போகும் சிறு மின்னோட்டம்தான் உள்ளே சுழலும் ரோட்டாரை முதலில் காந்தமாக்குகிறது. பல்பு போயிருந்தாலோ அதிலிருந்து வரும் டி பிளஸ் (D+) வயர் கழன்றிருந்தாலோ ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டையும் பாருங்கள். இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. உள்வாங்க வேண்டும். சுற்றிலும் கருப்புப் பொடி கிடந்தால் வழுக்குகிறது, அல்லது புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஆல்டர்னேட்டர் மேல் சந்தேகம். மீட்டரை ஏசிக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பி பிளஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது, ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக்கும் டையோடு போனதன் அடையாளம். இரவெல்லாம் பேட்டரியை இறக்குவதும் பல நேரம் இதே டையோடுதான். ரோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் 5 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டு, அது உரசும் ஸ்லிப் ரிங்கை நைஸான உப்புத்தாளால் துடையுங்கள். பிரஷ், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், பேரிங் வரை பழுது பார்ப்பது லாபம். ஸ்டேட்டர் (அசையாத கம்பிச் சுருள்) கருகி, உள்ளே உப்புத் துரு ஏறியிருந்தால் மாற்றுங்கள்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைத் துண்டியுங்கள். பி பிளஸில் பெரும்பாலும் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பானர் எஞ்சினில் பட்டால் பொறி பறக்கும். வயர்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதில் எஞ்சினோடு மாட்டும் காலின் அகலம், போல்ட் விட்டம், புல்லியின் பள்ளம் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். சில கடல் எஞ்சின்களில் எர்த் உடலோடு சேராமல் தனி வயரில் வரும், அங்கே சாதாரண வகை ஆகாது.

'கார் ஆல்டர்னேட்டரே போதுமே' என்று யாராவது வருவார்கள். டீசலில் அதைப் பேசிப் பார்க்கலாம். பெட்ரோல் எஞ்சினில் பேச்சுக்கே இடமில்லை: பிரஷ் பொறியும் தேங்கிய பெட்ரோல் ஆவியும் சேர்ந்தால் படகே எரியும். 'பெரிதாகப் போடு' என்பதும் இப்படித்தான். 100 ஆம்பியர் எடுக்க ஏறக்குறைய மூன்று குதிரைத்திறன் வேண்டும். 10 மி.மீ. பெல்ட் அதைத் தாங்காது. அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது என்றால் இறுக்கி இறுக்கி அதன் பேரிங்கும் போகும்.

படகு கட்டுகிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. பெல்ட்டை இறுக்கும் போல்ட்டுக்குக் கை போகவே வழி விடுவதில்லை. எட்டாத பெல்ட்டை யாரும் கவனிப்பதில்லை.

பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை அணைத்தால் வோல்ட்டேஜ் எகிறி டையோடுகள் போய்விடலாம். லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று திடீரென்று துண்டித்தாலும் இதே கதி. லித்தியம் இருந்தால், ஆல்டர்னேட்டரின் வெப்பத்தை அளந்து சார்ஜைக் குறைக்கும் வெளி ரெகுலேட்டர் கட்டாயம்.

புது பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே தளரும். எஞ்சினை நிறுத்தி மறுபடி இறுக்கிவிடுங்கள்.