ஆற்றங்கரையில் நின்றுகொண்டே ஆற்றைத் தேடினோம்

"பயணம் போன இடங்களில், நீங்கள் நினைத்ததற்கு முற்றிலும் மாறாக இருந்தது எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது யோர்தான் ஆறு.

அம்மா சொல்லித்தான் அந்தப் பெயர் எனக்குப் பழக்கம். அவர் சொல்லும்போது யோர்தான் எப்போதும் பேராறுதான். அறுவடைக் காலமெல்லாம் கரைபுரண்டு ஓடும் என்கிறது வேதாகமம். யோசுவா என்ற தலைவர் இஸ்ரவேல் மக்களை அழைத்துக்கொண்டு அக்கரை போக, வெள்ளம் குவியலாக எழுந்து நின்று வழிவிட்ட கதையை அம்மா விவரிப்பார். கேட்கக் கேட்க, அக்கரை கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு என் மனத்துக்குள் ஓடும். இயேசு ஞானஸ்நானம் பெற்றதாகக் கருதப்படும் அல்-மக்தாஸ் என்ற இடத்துக்கு, ஜோர்டான் நாட்டுக்கு, அம்மாவை அழைத்துப் போகும் வாய்ப்பு வந்தது. 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் அது. போகும் வழியெல்லாம் என் மனத்தில் ஓடியது அந்தப் பழைய ஆறுதான்.

நுழைவாயிலிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஓரிடத்தில் இறக்கிவிடுகிறார்கள். பிறகு நடை. வெயில், புழுதி, சவுக்கைப் போல மெல்லிய இலைகொண்ட குட்டை மரங்கள். கடைசியில் ஒரு மரப்பலகை மேடை. அதிலிருந்து சில படிகள் கீழே இறங்குகின்றன. படிகளின் முடிவில், நாணலுக்கு நடுவே, தேநீரில் பாதி பால் கலந்த நிறத்தில் கலங்கிய நீர். அசைகிறதா இல்லையா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அம்மா அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அதைத் தாண்டித் தூரத்தில் பார்த்தார். "ஆற்றுக்கு இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?" என்று கேட்டார்.

காலடியில் இருந்ததை ஏதோ வாய்க்கால் என்று நினைத்துவிட்டார். "இதுதான் அம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. வழிகாட்டியிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

எதிர்க்கரை சில மீட்டர் தூரத்தில் இருந்தது. அங்கே வெள்ளை அங்கி அணிந்த ஒரு கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நின்ற பெண் பாட்டுத்தாளைப் புரட்டுவதுகூடத் தெரிந்தது. ஆனால் அவர்கள் இருந்தது இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் உள்ள, மேற்குக்கரை எனப்படும் பாலஸ்தீனப் பகுதியில். நாங்கள் நின்றது ஜோர்டானில். ஒரே நீரில் இரண்டு பக்கமும் இறங்கி நிற்கிறார்கள், நடுவே சர்வதேச எல்லை. பேச்சுக் குரல் எட்டும் தூரத்தில் இருக்கும் அந்தப் பெண்ணின் பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் எங்கோ சுற்றிக்கொண்டு சோதனைச் சாவடி வழியாகத்தான் போக முடியும். ஆறு சிறியதாக இருந்ததைவிட, இதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

அன்று இரவு, இது எப்போதும் இப்படித்தானா என்று தேடிப் படித்தேன். இல்லை. ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி கன மீட்டர் நீரைச் சாக்கடலுக்குக் கொண்டுசேர்த்த ஆறு இது. இன்று போய்ச் சேருவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1964 முதல் இஸ்ரேல், யோர்தான் கடந்து வரும் கலிலேயா ஏரியின் நீரைப் பெரிய குழாய்களிலும் கால்வாய்களிலும் தெற்கே கொண்டுபோனது. முக்கியத் துணையாறான யார்முக்கின் நீரைச் சிரியா அணைகளில் தேக்கியது, ஜோர்டான் தன் வயல்களுக்குக் கால்வாய் வெட்டித் திருப்பியது. மூன்று நாடுகளுக்கும் தாகம் உண்டு, யாரையும் எளிதில் குறைசொல்லிவிட முடியாது. மேல்பகுதியில் நல்ல நீரெல்லாம் போய்விட, கீழே வந்து சேருவதில் வயல்களின் வடிநீரும் உப்பு ஊற்று நீரும் கழிவுநீரும் பெரும்பங்கு. நாங்கள் பார்த்த நிறம் அங்கிருந்து வந்ததுதான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் ஒரு ஆற்றையே குடித்துத் தீர்த்துவிட்டார்கள்" என்றார்.

அதன் விளைவை மறுநாள் சாக்கடலில் கண்ணால் பார்த்தோம். சாக்கடல் என்றதும் எல்லோருக்கும் தோன்றும் படம்தான் எனக்கும் தோன்றியிருந்தது: ஒருவர் நீரில் மல்லாந்து மிதந்தபடி செய்தித்தாள் படிக்கும் படம். விளையாட்டாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். போகிறவர்களுக்கு அக்கறையோடு சொல்கிறேன், உடம்பில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் அது எங்கே இருக்கிறது என்று அந்த நீர் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சாதாரணக் கடல்நீரைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு. தொட்டால் எண்ணெய் போல வழுக்குகிறது. குப்புற நீந்த முயன்றால் கால்கள் தாமாக மேலே எழும்பி முகத்தை நீருக்குள் தள்ளப் பார்க்கின்றன. முந்தின நாள் சவரம் செய்யாதீர்கள், முகத்தை நனைக்காதீர்கள், மல்லாந்தே இருங்கள். என் கண்ணில் ஒரே ஒரு சொட்டு பட்டது. கரையேறி நல்ல நீரில் கழுவும்வரை இரண்டு கண்ணையும் திறக்க முடியவில்லை. அம்மாதான் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் கரையைக் கவனித்தேன். தங்கும் விடுதியின் மட்டத்திலிருந்து நீர்வரை படி படியாகக் கோடுகள், பெரிய கிண்ணத்தில் நீர் வற்ற வற்ற உள்பக்கம் வரி விழுமே, அதைப் போல. கடல் கீழே போகப்போக விடுதிக்காரர்கள் படிக்கட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். துண்டு கொடுக்கும் பணியாளர், பாதி வழியில் இருந்த ஒரு நிழல்குடையைக் காட்டி, தாம் வேலைக்குச் சேர்ந்தபோது நீர் அதுவரை இருந்தது என்றார். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. நீர்மட்டம் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்குகிறது. 1960களில் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 395 மீட்டரில் இருந்தது, இன்று 430 மீட்டருக்கும் கீழே போய்விட்டது. யோர்தான் வராமல்போனது முதல் காரணம். உரத்துக்கான பொட்டாஷ் உப்பை எடுப்பதற்காகத் தென்பகுதியில் பாத்தி கட்டி நீரை ஆவியாக்குவது இன்னொன்று. கடல் பின்வாங்கிய நிலத்துக்கடியில் உப்புப் படிவங்கள் இருக்கின்றன. நல்ல நிலத்தடி நீர் அங்கே புகுந்து உப்பைக் கரைக்க, மேலே தரை திடீரென்று உள்வாங்கிப் பெரும் குழிகள் விழுகின்றன. நீந்தப் போகிறவர்கள் அனுமதிக்கப்பட்ட கரையைவிட்டு விலகி நடக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கே கிளம்பினாலும் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்த இடத்தில் என்ன பார்க்கலாம் என்று படிப்பதோடு, கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் அதற்கு என்ன நேர்ந்தது என்றும் படித்துவிடுகிறேன். நம் மனத்தில் இருக்கும் படம் எப்போதோ எடுத்தது, பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பி நின்று எடுத்தது.

கீசா பிரமிடு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுற்றிலும் மணல் என்று நினைத்துப் போனேன். மேற்குப் பக்கம் திரும்பினால் மணல்தான். கிழக்கே திரும்பினால் அடுக்குமாடி வீடுகள், மொட்டைமாடித் துணிகள், வாகன இரைச்சல். ஸ்பிங்க்ஸ் சிலை நேராக ஊரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுவரெல்லாம் வண்ணச் சித்திரங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்துத் தனி டிக்கெட் வாங்கிப் பெரிய பிரமிடுக்குள் ஏறினேன். ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரமே உள்ள வழியில், முதுகை மடக்கி, முன்னே போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே மேலேற வேண்டும். ஏறி முடித்தால் மன்னரின் அறை. கருங்கல் சுவர்கள், மூடியில்லாத ஒரு கல்பெட்டி. ஒரு கோட்டுச் சித்திரம்கூட இல்லை. நான் எதிர்பார்த்த ஓவியங்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி, லுக்சர் பக்கம் மன்னர்களின் பள்ளத்தாக்கில் வெட்டப்பட்ட கல்லறைகளில் இருப்பவை. இரண்டையும் குழப்பிக்கொண்டு போனது நான். ஆனாலும், கத்தி நுனி புகாதபடி பொருத்திய அந்த வெற்றுக் கற்களை உள்ளங்கையால் தடவியபடி நின்றது மறக்காது.

பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்திலும் இப்படித்தான். மோனாலிசாவின் உயரம் 77 சென்டிமீட்டர், அகலம் 53. கண்ணாடிக்குப் பின்னால், உயர்த்திப் பிடித்த நூறு கைபேசிகளுக்கு அப்பால் இருக்கிறது. நெரிசலில் திரும்பினேன். எதிர்ச்சுவர் முழுக்க இத்தாலிய ஓவியர் வெரோனீஸின் 'கானாவூர்க் கல்யாணம்'. ஏறக்குறைய 7 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலம். 1563இல் வரைந்து முடித்தது, 1797இல் நெப்போலியனின் படை வெனிஸிலிருந்து எடுத்து வந்தது. சுமார் 130 பேர் அதில் விருந்துண்கிறார்கள், இசைக்கிறார்கள், இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக மாற்றியதை ஒருவர் கோப்பையை உயர்த்திப் பார்க்கிறார். அந்த அருங்காட்சியகத்திலேயே மிகப் பெரிய ஓவியத்துக்கு அறையிலிருந்த அத்தனை பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். தயவுசெய்து திரும்பிப் பாருங்கள்.

இவையெல்லாம் குறைந்தோ, வேறாகவோ இருந்த இடங்கள். நேர் எதிராக ஒன்று உண்டு. அது ஹிரோஷிமா.

வேலை விஷயமாக ஜப்பான் போனபோது இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. போகலாமா வேண்டாமா என்று தயங்கினேன். அந்தப் பெயரைக் கேட்டாலே மனத்தில் சாம்பல் நிறம்தான். ஊர் முழுக்க ஒரு துக்கவீடு போல இருக்கும், சத்தமாகப் பேசக்கூட முடியாது என்று எண்ணியிருந்தேன். ரயிலைவிட்டு வெளியே வந்ததும் டிராம் மணிச் சத்தம் கேட்டது. ஊரைக் கிளை கிளையாகப் பிரிந்து வகிர்ந்தோடும் ஆறுகள், கரையெல்லாம் மரங்கள், பள்ளிக்கூடம் விட்டுச் சிரித்துக்கொண்டு போகும் பிள்ளைகள். பார்த்த ஊர்களில் இத்தனை பச்சையான ஊர் குறைவு.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு, ஊருக்கு மேலே சுமார் 600 மீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் அணுகுண்டு வெடித்தது. மூன்றே நாளில், ஆகஸ்ட் 9 அன்று, ஒரு சிறு தூரத்துக்கு டிராமை மறுபடி ஓட்டிவிட்டார்கள். இதைப் படித்ததும் நான் ஏறியிருந்த டிராமின் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு அங்கே புல்கூட முளைக்காது என்று அப்போது பேச்சு இருந்ததாம். முதலில் பூத்தவற்றில் ஒன்று அரளி. இன்று அந்த நகரின் அதிகாரபூர்வ மலர் அதுதான். நாம் வேலியோரத்தில் பார்த்துப் பழகிய அதே அரளி! அதுவரை அந்தப் பூவை நான் நின்று பார்த்ததே இல்லை. குண்டுக்குத் தப்பிப் பிழைத்த மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டி, வெடித்த இடத்திலிருந்து எத்தனை மீட்டர் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

துக்கம் இல்லாத ஊர் என்று சொல்லமாட்டேன். அருங்காட்சியகத்தில் துருப்பிடித்த ஒரு மூன்று சக்கரச் சைக்கிள் இருக்கிறது. அதை ஓட்டிக்கொண்டிருந்த குழந்தைக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. அப்பா அவனைத் தனியாக விட மனமில்லாமல் சைக்கிளையும் சேர்த்து வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் தோண்டி எடுத்து, எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றி, சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதன் முன்னால் நின்றவர்கள் யாரும் பேசவில்லை. நானும் வெளியே வந்து ஆற்றங்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் குண்டு வெடித்த புள்ளிக்கு நேர்கீழே உள்ள இடத்தைத் தேடிப் போனேன். விமானத்திலிருந்து குறிவைத்தது டி வடிவப் பாலத்தை, ஆனால் கொஞ்சம் தள்ளி வெடித்துவிட்டது. இடிபாடாகவே நிற்கும் அந்தக் குவிமாடக் கட்டடத்தை உலகமே அறியும். இந்தப் புள்ளியில் அதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு முறை கடந்து போய்விட்டேன். அது ஒரு குறுகலான தெரு. ஓரமாக இடுப்பளவு உயரத்தில் ஒரு சிறிய பலகை, அதில் ஒரு பழைய புகைப்படம், சில வரிகள். பக்கத்தில் ஒரு மருத்துவமனை. 1945இலும் அதே இடத்தில் இருந்தது மருத்துவமனைதான்.

லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தி, அந்த அறுநூறு மீட்டர் எங்கே இருக்கும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றிருக்கிறேன். பின்னால் சைக்கிள் மணி அடித்தது. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, முன்கூடையில் புத்தகப்பை. நான் ஒதுங்கினேன். தலையை ஒருமுறை தாழ்த்திவிட்டு, மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.