டிஸ்க் போடுகிற மாடலாகவே வாங்குங்கள்

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன் டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடுகிற பிளேஸ்டேஷன் கன்சோல் கேட்கிறான். "இன்னும் நாலைந்து வருஷத்தில் கன்சோலே இருக்காது, எல்லாம் கிளவுடில் வந்துவிடும், தண்டச் செலவு" என்கிறார் என் தம்பி. வாங்கித் தரலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாக வாங்கிக் கொடுங்கள். உங்கள் தம்பி சொல்வதைத்தான் 2019இல் கூகுளும் சொன்னது. கன்சோல் பெட்டியே வேண்டாம், நெட் இருந்தால் போதும் என்று ஸ்டேடியா என்ற கிளவுட் கேம் சேவையைத் தொடங்கி, 2023 ஜனவரியில் இழுத்து மூடிவிட்டது. கூகுளிடம் இல்லாத பணமா, சர்வரா? கிளவுடில் நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு பட்டனும் எங்கோ இருக்கிற சர்வருக்குப் போய், அங்கிருந்து படம் திரும்பி வந்தாக வேண்டும், அதில் கண்ணிமைக்கும் நேரம் தாமதமானாலும் ஆட்டம் கெட்டுவிடும். ஐப்பசி மழையில் ஒரு மரம் சாய்ந்து கேபிள் அறுந்தால் கோத்தகிரியில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கவலைப்பட வேறு விஷயம் இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. பெட்டி இருக்கும், காசு கொடுத்து வாங்கிய கேம் உங்கள் கையில் இருக்குமா என்பதுதான் சந்தேகம். 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது, வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். 2025இல் வந்த இன்னொரு கன்சோலான நின்டெண்டோ ஸ்விட்ச் 2க்குச் சில கேம்கள் கார்டில் விற்கப்படுகின்றன, அதற்குள் கேம் இல்லை, டவுன்லோடு செய்துகொள்ள ஒரு சாவி மட்டும்தான். ஒரு பெரிய கேம் இப்போது சாதாரணமாக 100 ஜிபி. நொடிக்கு 10 மெகாபிட் வேகம் இடைவிடாமல் கிடைத்தால்கூட 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

டிஸ்க் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 'தி க்ரூ' என்று 2014இல் வந்த கார் பந்தய கேம், தனியாக ஆடுவதற்கும் அதற்கு சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31இல் அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் கம்பெனி சர்வரை நிறுத்தியதும் டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியாமல் போனது. விற்ற பொருளை இப்படி முடக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள், அவர்கள் கேட்டதில் எனக்கு முழு உடன்பாடு. புத்தகத்தை விற்ற கடைக்காரர் பத்து வருஷம் கழித்து வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனால் விடுவோமா?

அதனால் டிஸ்க் போட முடியாத, டவுன்லோடு மட்டுமே செய்கிற டிஜிட்டல் மாடல் விலை குறைவு என்று மயங்காதீர்கள். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது அந்த வித்தியாசம் 10,000 ரூபாய். டிஸ்க் என்றால் உங்கள் மகன் ஆடி முடித்ததைக் குன்னூரில் இருக்கும் நண்பனுக்குக் கொடுக்கலாம், பழைய டிஸ்க்காக விற்கலாம், பாதி விலையில் வாங்கவும் செய்யலாம், இரண்டே வருஷத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும். டிஜிட்டலில் வாங்கியதை விற்க வழியே இல்லை, அந்தக் கம்பெனி கடையில் அவர்கள் வைத்ததுதான் விலை.

அப்புறம், கேம் வாங்கும் முன் நெட் இல்லாமல் ஆட முடியுமா என்று பையனை விசாரிக்கச் சொல்லுங்கள், அட்டையின் பின்பக்கம் பெரும்பாலும் போட்டிருக்கும். கழற்றி மாட்டுகிற டிரைவ் உள்ள புதிய மாடலில் முதல் தடவை அந்த டிரைவைப் பதிவு செய்ய நெட் தேவைப்படும். கோவையில் வாங்குவதாக இருந்தால் அதைக் கடையிலேயே செய்து, ஒரு டிஸ்க்கைப் போட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மலையேறுங்கள்.