ஒரு மணி நேரம், 800 டாலர்

அன்புள்ள ஐயா,

நான் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவன். எனக்கு 63 வயது, மனைவிக்கு 59. கோவையிலிருந்து 12 பேர் கொண்ட குழுவை உகாண்டாவுக்கு ஒன்பது நாள் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள். கூடவே வழிகாட்டி வருவார். கொரில்லா பார்ப்பதுதான் முக்கியம். அதற்கு மட்டும் ஆளுக்கு 800 டாலர் கட்டணம், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு. "கொரங்கு பாக்க ஆப்பிரிக்கா எதுக்குப்பா, வால்பாறை பஸ் ஏறுங்க" என்கிறான் மகன். காசு ஒரு பக்கம் இருக்கட்டும். காட்டு விலங்கு வாழுமிடத்தில் நாம் கூட்டமாகப் போய் நிற்பது சரியா என்பதுதான் என் உறுத்தல். நீங்கள் போய்வந்ததாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

முழங்காலில் தொடங்குகிறேன், ஏனென்றால் அறத்தைவிட அதுதான் முதலில் வலிக்கும்.

நீங்கள் போகப்போகும் உகாண்டாவின் பிவிண்டிக் காட்டில் கொரில்லா இருக்கும் இடத்துக்குப் பாதை என்று ஒன்று கிடையாது. தடம் பார்ப்பவர்கள் விடிந்ததும் கிளம்பி, முந்தின இரவு அவை இலை தழைகளை மடக்கிப் படுத்திருந்த இடத்துக்குப் போய், அங்கிருந்து தடம் பிடித்து, வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். நீங்கள் அதற்குப் பின்னால் ஏறி இறங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடியலாம், ஐந்து மணி நேரமும் ஆகலாம். பை கனமில்லை என்றாலும் ஆளுக்கு ஒரு சுமைகாரரை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகள்தான். அவர்கள் பையைத் தூக்குவதைவிட நம்மைத் தூக்கிவிடுவதுதான் அதிகம். முடியவே முடியாதவர்களை நாற்காலியில் வைத்துச் சுமந்து போகும் ஏற்பாடும் உண்டு. முன்பே சொல்லிவைத்துவிடுங்கள், இதில் கூச்சம் வேண்டாம்.

ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி. நீங்கள் 12 பேர். அதாவது உங்கள் குழு அங்கே இரண்டாக உடையும். நீங்களும் மனைவியும் ஒரே பிரிவில் இருக்கிறீர்களா, அது காட்டின் எந்தப் பக்கம் என்று இப்போதே கேளுங்கள். புகோமா பக்கம் கொஞ்சம் இலகு. ருஷாகாவும் ங்குரிங்கோவும் செங்குத்து. "கண்டிப்பாகப் பார்க்கலாம், கேரண்டி" என்று மட்டும் சொல்லி இதைச் சொல்லாத அமைப்பாளரை நான் நம்பமாட்டேன்.

இனி உங்கள் உறுத்தல். நம் ஊரில் யானையைப் பழக்குவது என்றால் சொன்ன பேச்சைக் கேட்க வைப்பது. அங்கே பழக்குவது என்றால் நம்மைக் கண்டுகொள்ளாமல் இருக்க வைப்பது. இரண்டு மூன்று வருடம், தினமும், சில ஆட்கள் ஒரே குடும்பத்தைத் தேடிப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருவார்கள். ஆண் கொரில்லா பாய்ந்து வரும். ஓடாமல், நிமிர்ந்து பார்க்காமல், தலையைத் தாழ்த்திக்கொண்டு, தொண்டையைச் செருமுவது போல ஓர் ஒலி எழுப்ப வேண்டும். தீனி போடுவது அறவே கிடையாது. ஒருநாள் அது பாய்வதை நிறுத்திவிடும். நீங்கள் 800 டாலர் கொடுத்துப் பார்க்கப்போவது அந்த அலட்சியத்தைத்தான். நான் பார்த்த வெள்ளிமுதுகு ஆண் (முதுகு முடி நரைத்த, நன்கு வளர்ந்த ஆண்) அந்த ஒரு மணி நேரத்தில் எங்களை இரண்டே முறை பார்த்தது. மற்ற நேரமெல்லாம் செடியை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துவிட்ட பெரிய மனிதர் போல.

ஆனால் பயம் போன விலங்குக்குக் கவசமும் போய்விடுகிறது. 1996-ல் பிவிண்டியில் கொரில்லாக்களுக்குச் சொறி வந்து ஒரு குட்டி இறந்தது. மனிதர்களிடமிருந்து தொற்றியதாகத்தான் கருதுகிறார்கள். அப்போது அங்கே இளம் விலங்கு மருத்துவராக இருந்த கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகாதான், சுற்றியுள்ள ஊர்களின் ஆரோக்கியத்தைக் கவனிக்காமல் கொரில்லாவைக் காப்பாற்ற முடியாது என்று கண்டு, அதற்காகவே பிற்பாடு ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2009-ல் ருவாண்டாவில் மனிதர்களுக்குச் சளிக்காய்ச்சல் தரும் கிருமி ஒரு குடும்பத்தில் பரவி, ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் இறந்தன. அதற்காகத்தான் இப்போது முகக்கவசம், பத்து மீட்டர் தூரம், 15 வயதுக்குக் கீழே அனுமதியில்லை என்ற விதிகள்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. என்னுடன் வந்த குழுவில் ஒருவர் இரண்டு இரவுகளாக இருமிக்கொண்டிருந்தார். காலையில் காட்டு அலுவலகத்தில் "யாருக்காவது சளி, காய்ச்சல் இருக்கிறதா" என்று கேட்டார்கள். அவர் மாத்திரை போட்டுக்கொண்டு "இல்லை" என்றார். எங்கள் குழுத்தலைவரும் தலையாட்டினார். இவ்வளவு பணம் கட்டியவரை எப்படி நிறுத்துவது? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் பக்கத்திலேயே நின்ற நானும் பேசவில்லை. அந்தக் குடும்பத்தில் நான்கு மாதக் குட்டி ஒன்று தாயின் முதுகில் இருந்தது.

அப்படியானால் போகவே வேண்டாமா? போங்கள் என்றுதான் சொல்வேன். 1967-ல் ருவாண்டாவில் கொரில்லா ஆய்வு முகாம் அமைத்த டயான் ஃபாஸி, சுற்றுலாவைக் கடுமையாக எதிர்த்தவர். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் 1981-ல், உகாண்டா, ருவாண்டா, காங்கோ எல்லையில் இருக்கும் விருங்கா எரிமலைகளில் மிஞ்சியிருந்த கொரில்லாக்கள் 250 சொச்சம். 2016-ல் முடிந்த கணக்கெடுப்பில் 604. பிவிண்டிப் பக்கத்தையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல். தினமும் ஆள் போய்ப் பார்க்கும் குடும்பங்களில் கண்ணியில் மாட்டிய கொரில்லாவைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள், விலங்கு மருத்துவர் வந்து கண்ணியை எடுத்துவிடுகிறார். தினமும் போகிற காவலர்களின் சம்பளம் உங்கள் கட்டணத்திலிருந்து போகிறது. 2020-ல் கொரோனாவால் சுற்றுலா நின்றிருந்தபோது, பன்றி வேட்டைக்குப் போனவர்கள் ங்குரிங்கோ குடும்பத்தின் தலைவனை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அதன் பெயர் ரஃபிகி. ஸ்வாஹிலியில் நண்பன் என்று பொருள்.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. 1991-ல் பிவிண்டி தேசியப் பூங்காவானபோது, அங்கே காலங்காலமாக வாழ்ந்த பாட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். உங்கள் பயண நிரலிலும் "பாட்வா நடனம்" இருக்கக்கூடும். கொரில்லாவுக்காகக் காட்டைவிட்டு அனுப்பப்பட்டவர்கள், கொரில்லா பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு ஆடிக்காட்டுகிறார்கள். எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அதனால் அவர்களுக்கு என்ன பயன் என்று மனைவி கேட்டாள். பதிலில்லை. நீங்கள் போனால் அவர்களே செய்து விற்கும் கூடையோ எதுவோ பேரம் பேசாமல் வாங்குங்கள்.

உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் சோலைமந்தியை (சிங்கவால் குரங்கு) வால்பாறைப் பக்கம் புதுத்தோட்டத்தில் சாலையோரம் நின்று இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அங்கே பயம் போனது வேறு வழியில். பிஸ்கட் போட்டுப் போட்டுப் போனது. சமையலறைக்குள் வருகின்றன, காரில் அடிபடுகின்றன. அதைத் தடுக்கச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் காவல் நிற்கிறார்கள். முதலில் மகனையும் கூட்டிக்கொண்டு அங்கே ஒரு நாள் போய்வாருங்கள். மனைவியின் முழங்காலும் எப்படி என்று தெரிந்துவிடும். (கொரில்லாவுக்கு வால் கிடையாது, அது குரங்கு இல்லை என்றும் மகனிடம் சொல்லுங்கள், கேட்கமாட்டார்.)

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். கிளம்பும் வாரத்தில் சளி பிடித்தால் எனக்கு எழுதுங்கள்.