தீம் ஆர்மி லிஸ்ட் (ஒரு கதையை மனசுல வெச்சு படையைத் தேர்ந்தெடுக்கற பட்டியல்) போடறவங்க கேட்ட கேள்விகள்

கேள்வி: வார்ஹாமர் 40கே-ல (குட்டி பொம்மைப் படைகளை வெச்சு மேஜைல ஆடற போர் விளையாட்டு) முழுக்க டெர்மினேட்டர் (கனமான கவசம் போட்ட வீரர்கள்) வெச்சு டெத்விங் ஆர்மி ஆடறேன். பாக்க கெத்தா இருக்கு, ஆனா அப்ஜெக்டிவ்ல (களத்துல பிடிச்சு வைக்க வேண்டிய இடங்கள்) தோத்துட்டே இருக்கேன். தீமை விட்டுடவா?

பதில்: விடவே விடாதீங்க. எங்க இடிக்குதுன்னு மட்டும் பாருங்க. பத்தாவது எடிஷன் கணக்குப்படி டெர்மினேட்டர் ஒரு மூவ்ல 5 இஞ்ச் தான் நகரும், அப்ஜெக்டிவ் கன்ட்ரோல் (இடத்தைப் பிடிக்கற மதிப்பு) ஆளுக்கு 1, அதாவது அஞ்சு பேர் நின்னா 5, அதே இடத்துல அஞ்சு இன்டர்செஸ்ஸர் (சாதாரண காலாட்படை வீரர்) நின்னா 10. சரி டீப் ஸ்ட்ரைக்ல (ஆட்டத்துக்கு நடுவுல நேரா களத்துல கொண்டுவந்து வைக்கறது) இறக்குவோம்னா எதிரிகிட்டேர்ந்து 9 இஞ்சுக்கு மேல தள்ளி தான் வைக்க முடியும், அப்புறம் சார்ஜுக்கு (எதிரி மேல பாஞ்சு மோதறது) ரெண்டு டைஸ்லயும் சேர்த்து 9 இல்ல அதுக்கு மேல விழணும், 36-க்கு 10 வாய்ப்பு தான் அது, அதை நம்பி மொத்த ஆர்மியையும் வைக்க முடியாதுங்க.

இதுக்கு வழி டார்க் ஏஞ்சல்ஸ் (டெத்விங், ரேவன்விங் ரெண்டும் இருக்கற சாப்டர், அதாவது படை) கதைக்குள்ளேயே இருக்கு. ரேவன்விங் பைக்ல போய் ஆளைத் தேடிப் பிடிக்கும், டெத்விங் டெலிபோர்ட்ல வந்து இறங்கி முடிக்கும். அதனால ரெண்டு டெர்மினேட்டர் யூனிட்டை எடுத்துட்டு 12 இஞ்ச் ஓடற கருப்பு பைக்குகளைப் போடுங்க, ஓரத்து அப்ஜெக்டிவ் அதுங்களுக்கு, நடுவுல இருக்கறது டெர்மினேட்டருக்கு. "டெர்மினேட்டர் ஆர்மி"ன்னா அது வெறும் யூனிட் பேரு தான், "ஒருத்தனை வேட்டையாட வந்த படை"ன்னு யோசிச்சா தான் அது தீம், அப்ப பைக்கும் தானா உள்ள வந்துடும்.

கேள்வி: எடுத்தவுடனே 2000 பாயிண்ட்ஸுக்கு (யூனிட் மதிப்பெல்லாம் கூட்டினா வர்ற படை அளவு) வாங்கிடலாமா?

பதில்: வேணாம். 1000-க்கு கட்டி, பெயின்ட் பண்ணி, ஆடிப் பாருங்க. என்ன குறையுதுன்னு டேபிளே சொல்லும்.

கேள்வி: சொந்தமா ஒரு சாப்டர் உருவாக்கி கலர் குடுத்திருக்கேன். வேற சாப்டர் ரூல் வெச்சு ஆடலாமா?

பதில்: தாராளமா ஆடலாம், ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எதிர்ல இருக்கறவர்கிட்ட சொல்லிடுங்க. மாடல் கையில என்ன ஆயுதம் இருக்கோ அதையே லிஸ்ட்லயும் போடுங்க, அவர் குழம்பாம இருப்பார்.

கேள்வி: சரித்திர கேம் பக்கம் வர ஆசை. ரோமை எதிர்த்த கார்த்தேஜ் தளபதி ஹானிபல் படை போடணும், யானை எத்தனை வாங்கலாம்?

பதில்: எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது! முதல்ல எந்த வருஷம்னு முடிவு பண்ணுங்க. கி.மு. 216 கன்னே சண்டைன்னா யானை ஒண்ணு கூட வேணாம், ஆல்ப்ஸ் தாண்டி வந்ததுல பெரும்பாலானது இத்தாலில முதல் குளிர்காலத்துலயே செத்துப்போச்சு. அங்க நடுவுல கால் (Gaul) இனத்து, ஸ்பெயின் காலாட்படை நிக்கும், ரெண்டு பக்கமும் லிபிய வீரர்கள், அவங்க ரோமர்கள்கிட்ட பறிச்ச ஆயுதத்தோட நின்னாங்கன்னு கிரேக்க வரலாற்று ஆசிரியர் பொலிபியஸ் எழுதியிருக்கார், அதனால கொஞ்சம் ரோமன் கவசம், கேடயத்தை லிபிய மாடல்களுக்கு ஒட்டிப் பாருங்க, பாக்கறவங்க கண்டிப்பா என்னன்னு கேப்பாங்க. யானை வெச்சே ஆகணும்னா கி.மு. 202 ஸாமா சண்டைக்குப் போங்க, அங்க 80-க்கு மேல இருந்துச்சு. டிபிஏ (பழங்காலப் போர்களை மேஜைல ஆடற விதிமுறை) ரூல்ல ஒரு ஆர்மிக்கு 12 எலிமென்ட் (ஒரே தட்டுல ஒட்டின சின்னக் குழு) தான், அதனால ரோமையும் சேர்த்து நீங்களே பெயின்ட் பண்ணிடலாம், ஆட வர்றவர் வெறும் கையோட வந்தா போதும்.