பெரியப்பாவைச் சாகவிட மனம் வரவில்லை

கேள்வி: ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடைக் கிராமத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். குறுவை நெற்பயிர் கருகி, கடனில் நிலம் போய், பெரியப்பா இறக்கவேண்டும். 14-ஆவது அத்தியாயத்தில் கை ஓடவில்லை. மூன்று முறை மழையைப் பெய்யவைத்துக் காப்பாற்றிவிட்டேன்!
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அழுகை வந்தால் வரட்டும், அது கெடுதல் இல்லை. பாசம் கதையின் காரணகாரியத்தைத் தொடும்போதுதான் கெடுதல். உங்கள் மழையே சாட்சி. பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. குறுவைக்கு வயது ஏறக்குறைய 110 நாள். வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் ஐப்பசியில் கதிர் அறுவடைக்கு நிற்கும். அப்போது பெய்தால் பயிர் சாயும், நெல் முளைக்கும். டெல்டா வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

முதல் 13 அத்தியாயங்களை அச்செடுத்து, பெரியப்பா தவறு செய்யும் இடங்களைச் சிவப்பில் கோடிடுங்கள். ஐந்துகூடத் தேறாவிட்டால் அவர் மனிதராக இல்லை, பூஜையறைப் படமாகிவிட்டார். எல்லாரும் அவரைப் புகழ்கிறார்களா, பெரியம்மாவின் பேச்சு குறைந்துகொண்டே போகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் ஆகும்.

பிறகு, அவரால் கூலி கிடைக்காத நடவுப்பெண் பேசுவதாக ஒரு பக்கம் எழுதுங்கள். நாவலில் சேர்க்கவேண்டாம். அதை எழுதியபின் அவர்மேல் உங்களுக்குக் கோபமும் வரும். அந்தக் கோபம் வேண்டும்.

மரணக் காட்சியை அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதாதீர்கள். வாய்க்கால் மதகில் நிற்கும் பக்கத்து வயல்காரருக்குச் செய்தி வருவதாக எழுதுங்கள். எழுதி 15 நாள் மூடிவைத்து, பெயரடைகளை மட்டும் வெட்டுங்கள்.