வாசகர் கேள்வி-பதில்: விடியுமுன் மலையேற்றம்

கேள்வி: ஜூலை விடுமுறையில் 14 வயது மகனோடு நம் ரீயூனியன் தீவின் பித்தோன் தே நேஜ் மலை உச்சியில் சூரிய உதயம் பார்க்கப் போகிறோம். முதல் நாள் கவேர்ன் துய்ஃபூர் மலைக்குடிலில் தங்குகிறோம். அங்கிருந்து அதிகாலை 3 மணிக்கே கிளம்பிவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். சரியா?
– வாசகி, சேன் பியேர்

பதில்: வேண்டாம் அம்மா, 3 மணி ரொம்ப சீக்கிரம். குடில் 2,480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உச்சி 3,070. அந்த 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போதும். ஜூலை இங்கே குளிர்காலம், சூரியன் 6.50 வாக்கில்தான் உதிக்கும். 3 மணிக்குக் கிளம்பினால் 5 மணிக்கே மேலே போய்ச் சேர்ந்து, ஒதுங்க இடமில்லாத பாறையில் இரண்டு மணி நேரம் காற்றில் நிற்க வேண்டும். 4.30க்குப் புறப்படுங்கள்.

இந்த மலையில் பலரையும் வதைப்பது குளிரைவிட வியர்வைதான். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கடற்கரையில் 18 டிகிரி என்றால் உச்சியில் உறைநிலைக்கும் கீழே போகலாம். குடிலில் நடுங்கிக்கொண்டே தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக் கிளம்புவார்கள். கால் மணி நேரத்தில் உள்ளே பருத்திச் சட்டை நனைந்துவிடும். மேலே போய் நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். அதனால் கிளம்பும்போது சற்றுக் குளிரட்டும். பேசிக்கொண்டே ஏறும் வேகத்தில் நடங்கள். உலர்ந்த கம்பளி பனியன் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப்போய், உச்சியை எட்டியதும் முதல் வேலையாக மாற்றிக்கொள்ளுங்கள். ஜாக்கெட் அதற்குப் பிறகுதான்.

வழி நெடுக எரிமலைப் பாறை. வெள்ளைப் பெயின்ட் அடையாளங்கள்தான் வழிகாட்டி. அடுத்த அடையாளம் தெரியவில்லை என்றால் முன்னே தேடிப் போகாமல் கடைசியாகப் பார்த்த இடத்துக்கே திரும்புங்கள். ஆளுக்கொரு தலைவிளக்கு வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். குட்டைகளிலும் பாறைகளிலும் கண்ணாடி போல மெல்லிய பனிக்கட்டி படிந்திருக்கும், மகனைக் குதிக்க விடாதீர்கள்.

9, 10 மணிக்கு மேகம் ஏறி வந்துவிடும், அதற்குள் குடிலுக்கு வந்துவிடுங்கள். அன்றே சிலாவோஸ் ஊர்ப் பக்கம், மலைப்பாதை தொடங்கும் லெ ப்ளோக் வரை இறங்குவதானால் உச்சியிலிருந்து மொத்தம் 1,700 மீட்டர் இறக்கம். முட்டி தாங்க ஊன்றுகோல் அவசியம்.

கேள்வி: பிரான்சில் கிரனோபிள் நகரில் படிக்கும் என் தங்கை மகள், வகுப்புக்கு முன் விடியற்காலையில் பக்கத்துப் பனிச்சறுக்குத் தளத்தில் ஸ்கீ என்ற சறுக்குப் பலகையைக் காலில் மாட்டி மலை ஏறப் போகிறாளாம். தளத்துக்குள்தானே, பயமில்லையே?
– வாசகர், சேன் அந்த்ரே

பதில்: தளத்துக்குள்ளும் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பனியைச் சமன் செய்யும் இயந்திரங்கள் இரவிலும் விடியலிலும்தான் ஓடும். செங்குத்தான சரிவில், மேலே ஓரிடத்தில் கட்டிய இரும்புக் கம்பிவடம்தான் அவற்றைத் தாங்கி இழுக்கும். இயந்திரம் எங்கோ தூரத்தில் இருக்கும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத அந்த வடம் திடீரென விறைத்துத் துள்ளினால் ஆளையே வெட்டிவிடும். ஏறுவதற்கென்று ஒதுக்கிய பாதை எது, எந்த நேரத்தில் அனுமதி என்று தளத்தில் கேட்டுக்கொண்டு அதில் மட்டும் போகச் சொல்லுங்கள்.

ஏறும்போது ஸ்கீயின் அடியில் ரோமப்பட்டை ஒட்டுவார்கள். ரோமம் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே சறுக்காது. ஒட்டும் பசையில் பனித்தூள் பட்டால் பாதி வழியில் கழன்றுவிடும். கழற்றியதும் பசைப் பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டி மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைக்க வேண்டும்.

தளத்தை விட்டு வெளியே, 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுக்குப் போவதென்றால் கதை வேறு. அங்கே பனி மொத்தமாகச் சரிந்து ஆளைப் புதைக்கும் அபாயம் உண்டு. புதைந்தவர் இருக்குமிடம் காட்டும் சமிக்ஞைக் கருவி, மண்வாரி, பனிக்குள் குத்தித் தேடும் நீளக் குத்துகோல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும். கூட வந்தவரால் மட்டுமே அது முடியும். தனியாகப் போகவே கூடாது.